கருந்திரையில் தெளிவான எழுத்து



மார்கழி மாதத்து விடியற்காலையில் நம் தோட்டத்து வீடுகளின் வாசல்களில் கோலம் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தாய்மார்கள் எடுத்த எடுப்பில் கோடு இழுப்பதில்லை. முதலில் புள்ளி வைக்கிறார்கள். ஐந்து புள்ளி வைத்தால் ஒரு சிறு பூ வரும். பதினைந்து புள்ளி வைத்தால் மயிலே வரும். ஐந்து புள்ளிக்குள் மயிலைக் கொண்டுவர, எத்துணைக் கை தேர்ந்தவராலும் ஆகாது. குறை கையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது.

கணினித் திரையில் தெரிகின்ற எழுத்தும் ஒரு புள்ளிக் கோலந்தான். புள்ளிகள் குறைந்தால் எழுத்து மங்கும், உடையும். சில எழுத்துகள் வரவே மாட்டா. புள்ளிகளைக் கூட்டுவது எப்படி, கூட்டிய புள்ளிகளை எவ்வாறு செலவிடுவது, அவ்வளவும் செய்த பின்னும் நம் தமிழ் எழுத்துக்கு எது குறைகிறது என்னும் மூன்றையும் இன்றைய பேச்சில் காண்போம்.

இங்கே நாம் பேசுவது, படங்களும் சாளரங்களும் நிறைந்த வண்ணத் திரையைப் பற்றி அன்று. யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில், குறிப்பாக லினக்ஸில், வண்ணத் திரைக்குப் பின்னால் இன்னொரு திரை உண்டு. கருமை நிறம், அதில் வெண்மையான எழுத்து, மின்னிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு. இதனைக் கான்சோல் என்பார்கள். நாம் கருந்திரை என்றே சொல்லிக்கொள்வோம். லினக்ஸ் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளை அழுத்திக்கொண்டு எஃப் 3 என்ற விசையைத் தட்டினால் பெரும்பாலும் இத்திரை வந்து நிற்கும்.

இது தோட்டப் பள்ளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் கடாரத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அங்கே இயந்திரம் பழுதாகி, வண்ணத் திரை அணைந்துபோனால், கடைசியில் எஞ்சி நிற்பது இந்தக் கருந்திரைதான். அதன்முன் அஞ்சாமல் நிற்கப் பழகிய பிள்ளைக்கும் பழகாத பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

எங்கள் பள்ளிக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்களுக்கு வந்தவை பிறர் பயன்படுத்திக் கழித்த கணினிகள். நினைவகம் குறைவு. வண்ணத் திரையைத் திறந்தால் நத்தைபோல் ஊர்ந்தன. ஆகவே பாடக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினியில் லினக்ஸை ஏற்றி, கருந்திரையோடு நிறுத்திக்கொண்டோம். பள்ளி முடிந்த பின் கணினிக் கழகத்துப் பிள்ளைகளுக்கு அதில் பாடம் நடத்தினோம். அங்கேதான் எங்கள் சிக்கல் தொடங்கியது. அதைச் சொல்லுமுன் இத்திரையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

யூனிக்ஸ் அமைப்பு 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதன் கர்த்தாக்கள். அந்நாளில் அவர்கள் முன்னால் இருந்தது திரை அன்று, தொலையச்சுப் பொறி. கட்டளையைத் தட்டினால் விடை தாளில் அச்சாகி வரும். தாள் இருந்ததால், முன் வந்த வரியைத் தேட வேண்டுமானால் தாளை இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அத்தொலையச்சுப் பொறியின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான டி-டி-ஒய் என்பது இன்றும் லினக்ஸில் கருந்திரையின் பெயராக நிலைத்திருக்கிறது. ஆள் போன பின்னும் வீட்டுக்கு அவர் பெயர் நிற்பதைப் போல.

பின்னர்த் திரைகள் வந்தன. 1978இல் வெளிவந்த விடி-100 என்னும் முனையத்தில் வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் தெரிந்தன. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் 80 எழுத்து, 25 வரி. 1987இல் வி.ஜி.ஏ. என்ற முறை வந்தது. அதில் எழுத்துத் திரைக்குக் குறுக்கே 720 புள்ளிகள், நெடுக்கே 400 புள்ளிகள்.

மாணவச் செல்வங்களே, ஒரு சிறு கணக்கு. 720ஐ 80ஆல் வகுத்தால் 9. 400ஐ 25ஆல் வகுத்தால் 16. ஆக ஓர் எழுத்துக்குக் கிடைப்பது ஒன்பதுக்குப் பதினாறு என்ற ஒரு கட்டம். மொத்தம் 144 புள்ளிகள். ஒன்பதாவது புள்ளி பெரும்பாலும் இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள வெறும் இடைவெளி. ஆகவே எழுத்துக்கு உண்மையான அகலம் எட்டுப் புள்ளியே. அந்தக் கட்டம் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆங்கிலத்துக்குப் பொருந்தியது, உரோமன் எழுத்தில் எழுதும் மலாய் மொழிக்கும் பொருந்தியது.

இப்போது எங்கள் பள்ளிக் கதைக்கு வருவோம். கணினியைத் தட்டி எழுப்பினால் திரையில் வந்தவை அந்தப் பழைய 25 வரிகளே. அகலமான புதுவகைத் திரையில் அந்தக் குறைந்த புள்ளிகள் இழுத்து நீட்டப்பட்டதால், எழுத்துகள் கொழுத்தும் ஓரம் மங்கியும் தெரிந்தன. பிழைச் செய்தி நாற்பது வரி வந்தால் முதல் பதினைந்து வரி மேலே ஓடி மறைந்துவிடும். பிழை எங்கே தொடங்கியது என்பது பெரும்பாலும் அந்த முதல் வரிகளில்தான் இருக்கும். முன்பெல்லாம் ஷிப்ட் விசையோடு பேஜ்-அப் விசையைத் தட்டி ஓடிப்போன வரிகளைத் திரும்ப அழைக்கலாம். அந்த வசதி 2020இல் லினக்ஸின் கரு நிரலிலிருந்து நீக்கப்பட்டது. ஆகையால், ஒரே பார்வையில் எத்தனை வரி தெரிகிறது என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

காரணத்தைத் தேடினோம். இக்காலத்து லினக்ஸ், கணினி எழும்பொழுதே திரையோடு பேசி, "உன்னிடம் எத்தனை புள்ளி உண்டு?" என்று கேட்டறிந்து, அத்தனை புள்ளிகளையும் பயன்படுத்தும் ஆற்றல் உடையது. அப்படியிருந்தும் எங்கள் கணினி ஏன் கேட்கவில்லை? அதன் தொடக்கக் கட்டளையில் ஒரு சொல் ஒளிந்திருந்தது. எழுத்துக்கூட்டிச் சொல்கிறோம்: என்-ஓ-எம்-ஓ-டி-இ-எஸ்-இ-டி. நோமோட்செட். "திரையின் அளவை நீ மாற்றாதே" என்பது அதன் கருத்து. என்றோ ஒருநாள் திரை இருண்டு போனபோது, அவசரத்துக்கு யாரோ எழுதி வைத்த சொல் அது. தேவை தீர்ந்த பின்னும் எடுப்பாரின்றி இருந்துவிட்டது. காய்ச்சலுக்குக் கட்டிய பத்தியம், காய்ச்சல் போய் ஆண்டுகள் ஆன பின்னும் தொடர்ந்த கதைதான்.

நேயர்களே, இனிச் செய்முறையைச் சொல்கிறோம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி, இப்போதைய அளவை அறிதல். கருந்திரையில் எஸ்-டி-டி-ஒய் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எஸ்-ஐ-இசட்-இ என்று தட்டுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது வரிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்பது. 25, 80 என்று வந்தால் உங்கள் கணினியும் 1987ஆம் ஆண்டின் கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் படி, ஒரே ஒரு முறைக்குச் சோதித்துப் பார்த்தல். கணினி எழும்பொழுது கிரப் என்னும் தொடக்கப் பட்டியல் தோன்றும். அங்கே இ என்ற விசையைத் தட்டினால் தொடக்கக் கட்டளைகள் தெரியும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியில் நோமோட்செட் இருந்தால் அதை அழித்துவிட்டு, எஃப் 10 விசையைத் தட்டுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. திரை இருண்டு போனாலும் அஞ்ச வேண்டாம். அணைத்துவிட்டு மீண்டும் எழுப்பினால் பழைய நிலை வந்துவிடும். நிலையாக எழுதுமுன் ஒரு முறைக்குச் சோதிப்பது நல்ல பழக்கம். விதையை வயலில் தெளிக்குமுன் ஒரு கைப்பிடியை நனைத்து முளை பார்ப்பதில்லையா?

மூன்றாம் படி, நிலையாக எழுதுதல். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் இதற்கான கோப்பு, ஈ-டி-சி என்ற அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவில் கிரப் என்ற பெயரில் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு கோப்பைத் திறந்து, நோமோட்செட் என்ற சொல் இருந்தால் அதை நீக்குங்கள். கோப்பைச் சேமித்து, அப்டேட்-கிரப் என்ற கட்டளையை நிருவாகி உரிமையோடு தட்டுங்கள். அந்தக் கட்டளையைத் தட்டாவிட்டால் நீங்கள் எழுதியது கோப்பில் கிடக்குமே தவிர, கணினியின் காதில் விழாது.

சில பழைய கணினிகளில் திரையோடு பேசத் தெரிந்த இயக்கி நிரல் இருக்காது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. அதே கோப்பில் ஜி-ஆர்-யு-பி, அடிக்கோடு, ஜி-எஃப்-எக்ஸ்-எம்-ஓ-டி-இ, சமக்குறி என்று எழுதி, 1024, சிறிய எக்ஸ், 768 என்று இடைவெளியில்லாமல் சேருங்கள். அந்த வரி முன்பே இருந்து, அதன் தலையில் ஹாஷ் குறி இருந்தால் அதை நீக்குங்கள். ஹாஷ் குறி உள்ள வரியைக் கணினி படிக்காது. அடுத்த வரியில் ஜி-ஆர்-யு-பி, அடிக்கோடு, ஜி-எஃப்-எக்ஸ்-பி-ஏ-ஒய்-எல்-ஓ-ஏ-டி, அடிக்கோடு, எல்-ஐ-என்-யு-எக்ஸ், சமக்குறி, பிறகு சிறிய எழுத்தில் கே-இ-இ-பி. "நான் அமைத்த அளவை லினக்ஸுக்கும் அப்படியே கொடு" என்பது இதன் பொருள். இங்கேயும் அப்டேட்-கிரப்பை மறவாதீர்கள். உங்கள் கணினி எந்தெந்த அளவுகளைத் தரும் என்று அறிய, கிரப் பட்டியலில் சி விசையைத் தட்டி, வீடியோஇன்ஃபோ என்று ஒரே சொல்லாகத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இல்லாத அளவைக் கேட்டுப் பயனில்லை. பழைய நூல்கள் சிலவற்றில் வி-ஜி-ஏ சமக்குறி 791 என்று எழுதும்படி சொல்லியிருக்கும். அதுவும் 1024க்கு 768 என்ற அளவைக் குறித்த எண்தான். ஆனால் அம்முறை இப்போது கைவிடப்பட்டது. ஃபிரீபிஎஸ்டி போன்ற வேறு அமைப்புகளில் கோப்பின் பெயரும் வரியும் வேறுபடும், கருத்து ஒன்றே.

எங்கள் கணினியில் இரண்டாம் படியிலேயே பலன் கிடைத்தது. குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். எட்டுக்குப் பதினாறு கட்டத்தில் வரிக்கு 240 எழுத்து, 67 வரிகள். முன்னே 25 வரி இருந்த இடத்தில் 67 வரி! ஆசிரியர் அறையில் எங்களுக்கு ஒரே பெருமை. மறுநாள் பிள்ளைகளை அழைத்துக் காட்டினோம். பிழைச் செய்தி முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து முன்னால் வந்து, திரையில் மூக்கு உரசும்படி நின்றுகொண்டான். கண்ணாடி அணிந்த பிள்ளை. எழுத்துகள் எறும்பாகிவிட்டிருந்தன. எங்கள் பெருமை அந்த இடத்தில் அடங்கிவிட்டது.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. புள்ளி கூடுவது சம்பளம் கூடுவதைப் போன்றது. கூடியதை எப்படிச் செலவிடுவது என்பது வேறு கேள்வி. எல்லாவற்றையும் வரி கூட்டுவதற்கே கொடுத்துவிட்டால், எழுத்து ஒவ்வொன்றுக்கும் பழைய கூலிதான் கிடைக்கும். எழுத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

ஆகவே நான்காம் படி, எழுத்துருவை மாற்றுதல். டெபியன் வகைகளில் டி-பி-கே-ஜி, சிறு கோடு, ரீகான்ஃபிகர் என்று தட்டி, இடைவெளி விட்டு, கான்சோல், சிறு கோடு, செட்டப் என்று நிருவாகி உரிமையோடு தட்டினால் கேள்விகள் சில வரும். எழுத்துருவுக்கு டெர்மினஸ் என்பதையும், அளவுக்குப் பதினாறுக்கு முப்பத்திரண்டு என்பதையும் தேர்ந்தெடுங்கள். நாங்கள் அப்படிச் செய்தோம். வரிக்கு 120 எழுத்து, 33 வரிகள். பழைய 25ஐவிட எட்டு வரி கூடுதல். ஆனால் எழுத்து ஒன்றுக்குக் கிடைத்த புள்ளிகள் 144இலிருந்து 512 ஆயின. ஓரங்கள் கூர்மையாயின. அந்தப் பிள்ளை தன் இடத்தில் அமர்ந்தபடியே வாசித்தான். நீண்ட விடைகளுக்கு லெஸ் என்ற கட்டளையைச் சேர்த்து, பக்கம் பக்கமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். 67 வரி என்ற பெருமையை 33 வரிக்கு விற்றோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. பிள்ளைகள் தங்கள் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோப்புகள் வேறொரு கணினியில், வண்ணத் திரையில், தமிழிலேயே பெயரிட்டு எழுதப்பட்டவை. மலாய்க் கட்டுரையின் பெயர் கருந்திரையில் பளிச்சென்று வந்தது. தமிழ்க் கட்டுரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக்கு ஒன்றாக, சாய்சதுரம் போன்ற ஒரே குறி வரிசையாக நின்றது. அதே மாணவன்தான் கேட்டான்: "சார், என் பேரு மட்டும் ஏன் சார் கட்டங் கட்டமா வருது?"

பிள்ளை கேட்ட கேள்விக்குத் தக்க விடை சொல்லாமல் போவது ஆசிரியர்க்கு அழகன்று. "தமிழுக்கு அது வராது" என்று சொல்லியிருந்தால் எங்கள் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை, குறை தன் மொழியில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆகவே உட்கார்ந்து ஆராய்ந்தோம். உங்களோடும் அதனைப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் ஐயம்: புள்ளி போதவில்லையா? பழைய கட்டத்தில் போதவில்லை என்பது உண்மையே. ண என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். சுழியின் விளிம்புகளையும் நிற்கும் கோடுகளையும் இடமிருந்து வலமாக எண்ணினால் ஐந்துக்குக் குறையாது. கோட்டுக்கு ஒரு புள்ளி, கோடுகளுக்கு இடையே வெறுமைக்கு ஒரு புள்ளி. ஐந்து கோடுகளுக்கு ஒன்பது புள்ளி வேண்டும். கட்டத்தில் இருப்பதோ எட்டு. ஆனால் புதிய கட்டத்தின் அகலம் பதினாறு. ஆகவே இப்போது புள்ளி தடையில்லை.

இரண்டாவது ஐயம்: நம் எழுத்துகள் மிக அதிகமோ? லினக்ஸ் கருந்திரையின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் வைக்க இயலாது. தமிழ் எழுத்து உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்துக்கும் 13 வடிவமாக 65, ஸ்ரீ ஒன்று. ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளுமாக 95. கூட்டிப் பாருங்கள்: 408. இன்னும் 104 இடம் மிச்சம் இருக்கிறது! சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவற்றுக்கு இந்த இடம் காணாது. தமிழுக்குக் காணும்.

அப்படியானால் தடை எங்கே? வரிசையில் இருக்கிறது. தெரு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தாளில் எழுதும்போது ஒற்றைக்கொம்பை முதலில் போட்டு, பிறகு த என்று எழுதுகிறோம். ஒருங்குறி முறையிலோ, ஒலிக்கும் முறைப்படி த முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகிறது. வண்ணத் திரையில் உள்ள நிரல்கள் கொம்பைத் தூக்கி முன்னால் வைத்துக் காட்டுகின்றன. கருந்திரைக்கு அந்த வித்தை தெரியாது. வந்த வரிசையில், ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகும். தமிழ் எழுத்துருவை அதில் வைத்தாலும், கொம்பு தவுக்குப் பின்னால் போய் ரவோடு ஒட்டிக்கொள்ளும். தெரு என்பது தரெ என்பதுபோல் குழம்பும். நம் நாட்டில் வழங்கும் ஜாவி எழுத்துக்கும் இதே கதிதான். அது வலமிருந்து இடமாகச் செல்வது, எழுத்தோடு எழுத்து கைகோர்ப்பது. ஆக, கட்டத்துக்கு வெளியே நிற்பவர் நாம் மட்டும் அல்லர்.

இத்தகைய கட்டத்தைத் தமிழர் முன்னும் சந்தித்திருக்கிறார்கள். தட்டச்சுப் பொறியும் கட்டப் பொறிதானே? ஒரு விசைக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் அளவு நகர்வு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள் அதில் தமிழ் எழுத வழி கண்டார். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் நகரா விசை என்று சில உண்டு. அதைத் தட்டினால் குறி தாளில் பதியும், தாள் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழுந்து அதனோடு சேரும். இயந்திரத்தின் விதியை உடைக்காமல், அந்த விதிக்குள்ளேயே தமிழுக்கு ஒரு வாசல் திறந்த அறிவு அது. பின்னர் 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள் முரசு என்னும் மென்பொருளால் கணினியில் தமிழை எழுத வைத்தார். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் தமிழுக்குக் கதவைச் சாத்தியே வந்தன. யாரேனும் ஒருவர் உட்கார்ந்து திறந்தார்.

கருந்திரையிலும் பிறர் இம்முயற்சி செய்திருக்கிறார்கள். ஜப்பானியர் கே-ஓ-என் என்ற நிரலையும், சீனர் இசட்-எச்-கான் என்ற நிரலையும் எழுதி, கருந்திரையைப் புள்ளித் திரையாகப் பாவித்துத் தங்கள் எழுத்துகளை வரைந்து காட்டினார்கள். அவர்களுடைய எழுத்துகள் ஒரே அளவான சதுரங்கள். ஆங்கிலக் கட்டம் இரண்டைச் சேர்த்தால் ஒன்று அடங்கும். நம் எழுத்து அகலத்தில் ஒன்றுபோல் ஒன்று இராது. ரவுக்கு வேண்டிய இடம் வேறு, ணௌவுக்கு வேண்டிய இடம் வேறு. ஆகவே நமக்கு வேலை சற்றுக் கூடுதல்; முடியாத வேலை அன்று.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கருந்திரை இப்போது வெறும் எழுத்துக் கட்டம் அன்று. 1920க்கு 1080 புள்ளிகளைக் கொண்ட ஒரு கோலத் தரை. புள்ளித் தரை என்றால் அதில் படமும் போடலாம் அல்லவா? எஃப்-பி-ஐ என்ற சிறு நிரல் ஒன்று உண்டு. கருந்திரையிலேயே படத்தைக் காட்டும். வண்ணத் திரைக் கணினியில் அவன் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதச் செய்து, படமாகச் சேமித்து, கருந்திரையில் காட்டினோம். கொம்பும் சுழியும் புள்ளியும் தத்தம் இடத்தில் நின்றன. பழைய 25 வரித் திரையில் இது நடந்திருக்காது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது படம் சார். நான் தட்டச்சு செஞ்சா வருமா?" என்றான்.

வராது, நேயர்களே. இப்போதைக்கு வராது. அதை ஒளிக்காமல் அவனிடம் சொன்னோம். கூடவே காரணத்தையும் கரும்பலகையில் எழுதினோம். புள்ளி போதும், இடம் போதும், 104 மிச்சமும் உண்டு, வரிசையை மாற்றி அடுக்கும் நிரல்தான் இல்லை என்று எழுதினோம். கோப்புகளுக்குத் தற்போதைக்கு உரோமன் எழுத்தில் பெயரிடும்படியும், உள்ளே தமிழில் எழுதுவதை வண்ணத் திரையில் செய்யும்படியும் சொன்னோம். அவன் அந்தக் கூட்டல் கணக்கைத் தன் கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டான். கீழே, ஒரு கட்டத்துக்கு ஒரு குறியாக, தெரு என்ற சொல்லை இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணினியில் தமிழ் சரியாக வரவில்லை என்று சொன்னால், "இங்கிலீஷிலேயே எழுதிக்கோ" என்று அத்தோடு முடித்துவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள். புள்ளி குறைவா, எழுத்துரு இல்லையா, வரிசை தவறா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் நம் பள்ளியிலேயே ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்கு, நிரல் எழுதக் கற்ற ஒருவர் வேண்டும். அவர் இன்று நம் கடாரத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டில் இருக்கலாம்.